அட்டை இருக்கிறது, பரிசோதனை எங்கே?



காரைக்குடியிலிருந்து தேவகோட்டை செல்லும் வழியில் உள்ள அமராவதிபுதூரில், கூலி வேலைக்குச் செல்லும் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வீட்டில் குடும்ப அட்டையோடு சேர்த்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் பத்திரமாக வைத்திருக்கிறார். "கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். அட்டை இருக்கும் துணிச்சல் அவருக்கு உண்டு. அந்த அட்டை எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை.

2009ஆம் ஆண்டு சூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, சுமார் ஒரு கோடி ஏழைக் குடும்பங்களுக்கு நான்காண்டுகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று தொகை அமைந்தது. 2012 சனவரி 11இல் இன்றைய பெயரில் புதிய திட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுடன் இணைந்தபின், தொகை ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உயர்ந்தது. இதனால் இதய அறுவை சிகிச்சையும் புற்றுநோய் மருத்துவமும் பெற்ற ஏழைகள் ஏராளம். அதைக் குறைத்துச் சொல்வது நன்றியற்ற செயல்.

ஆனால் 2012இல் வெளியான பட்டியலைப் பாருங்கள். 1,016 சிகிச்சைகள், 113 தொடர் சிகிச்சைகள், 23 நோயறி சோதனைகள். அந்தச் சோதனைகளும்கூட, நோய் இருக்கலாம் என்று மருத்துவர் ஐயப்பட்டபின் செய்யப்படுபவை. நலமாக நடமாடுகிறவர் தாமாகச் சென்று, "எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள்" என்று கேட்பதற்கு அந்த அட்டை உதவாது. படுக்கையில் விழுந்தபின்தான் அது பேசத் தொடங்கும்.

காப்பீடு என்பதே எதிர்பாராத பெருஞ்செலவைப் பலர் சேர்ந்து தாங்குவது, ரத்த அழுத்தம் பார்க்கும் சில்லறைச் செலவை ஏன் அதில் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சர்க்கரை நோய் கணக்கை மாற்றிவிடுகிறது. பல ஆண்டுகள் கவனிக்கப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தை ஓசையின்றிக் கெடுக்கின்றன. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கால் வீங்கி மருத்துவமனைக்குப் போகும் நாளில், வாரத்திற்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் என்ற நிலை வந்துவிடுகிறது. டயாலிசிஸ் செலவைக் காப்பீடு ஏற்கும். அந்த நாள்களின் கூலியை, உடன்செல்லும் மகளின் கூலியை, பேருந்துக் கட்டணத்தை யார் ஏற்பார்? இதையெல்லாம் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டிருக்கக்கூடிய மாத்திரையோ அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைப்பது.

2020இல் தமிழகத்தில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அது கட்டுக்குள் இருப்பதாகக் காட்டியது. மருத்துவமனைகள் நிறைந்த மாநிலம் என்று பெயர் பெற்ற தமிழகத்தின் நிலை இது.

நம் சிவகங்கை மாவட்டத்திற்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ், 2007இல், ரத்த அழுத்தத்தை முன்கூட்டியே கண்டறியும் முன்னோடி முயற்சிக்கு இரு மாவட்டங்கள் தெரிவு செய்யப்பட்டன. ஒன்று விருதுநகர், மற்றொன்று சிவகங்கை. கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் முயற்சி தேனியிலும் தஞ்சாவூரிலும் நடந்தது. இவற்றின் அனுபவத்தில்தான் 2012 முதல் தொற்றா நோய்களுக்கான பரிசோதனை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதாவது, காப்பீட்டு அட்டை வருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே நம் மாவட்டத்தில் தடுப்புப் பணி தொடங்கிவிட்டது. அட்டையை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இதை நினைவு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

அதன்பின் 2021 ஆகஸ்டு 5இல் கிருட்டிணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. 2025 ஆகஸ்டு 2இல் சென்னை சாந்தோம் புனித பீட்ஸ் பள்ளியில் 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கி, முழு உடல் பரிசோதனை ஊர் ஊராகச் சென்றது. ஆக, தமிழகத்தில் தடுப்பு மருத்துவம் இல்லாமல் இல்லை. அது காப்பீட்டில் இல்லை, அரசின் வரிப்பணத்தில் இருக்கிறது. காப்பீடு ஒரு தண்டவாளத்திலும் தடுப்பு வேறொரு தண்டவாளத்திலும் ஓடுகின்றன, எந்த நிலையத்திலும் சந்திப்பதில்லை. இடையில் விடுபட்டுப் போகிறவர், பெரும்பாலும், காலை எட்டு மணிப் பேருந்தில் காரைக்குடிக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிற ஆண். புறநோயாளர் பிரிவு நடக்கும் நேரத்தில் அவர் ஊரில் இல்லை, தன்னார்வலர் கதவைத் தட்டும்போதும் இல்லை.

சொந்தப் பணத்தில் தனியார் பாலிசி எடுப்பவர்களின் நிலை வேறு. பல பாலிசிகளில் ஆண்டுக்கு ஒருமுறையோ, உரிமை கோராத சில ஆண்டுகளுக்குப் பிறகோ இலவசப் பரிசோதனை உண்டு. அது பாலிசி ஏட்டின் உள்பக்கத்தில் உறங்குகிறது. பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்குத் தடுப்புப் பரிசோதனைக்காக ஐந்தாயிரம் ரூபாய் வரை கழிவும் உண்டு, அதுவும் காப்பீட்டுக் கழிவின் மொத்த வரம்புக்கு உட்பட்டே. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவருக்கு இதனால் பயன் ஏது?

இதைவிடக் கவலைக்குரிய ஒன்று இருக்கிறது. "சோதித்துப் பார்த்துச் சர்க்கரை என்று வந்துவிட்டால் பாலிசி கிடைக்காதே" என்று பரிசோதனையையே தள்ளிப்போடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் நான்காண்டுகளாக இருந்ததை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் மூன்றாண்டுகளாகக் குறைத்தது. குறைத்தாலும், அறியாமல் இருப்பதே இலாபம் என்ற எண்ணம் போகவில்லை. இது தவறான கணக்கு. நோயைத் தெரிந்தே மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் மறுக்கப்படலாம். நோயோ காப்பீட்டு விதிகளைப் படித்துவிட்டு வருவதில்லை.

மற்ற நாடுகளில் எப்படி? தாய்லாந்து 2002இல் அனைவருக்குமான மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, நோய்த் தடுப்புக்கென்று தலைக்கு இவ்வளவு என அத்திட்டத்திற்குள்ளேயே நிதி ஒதுக்கியது. நம் பகுதி இளைஞர்கள் பிழைக்கச் செல்லும் சிங்கப்பூரில், கட்டுமானம் முதலிய துறைகளில் உள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2022 முதல் முதலாளியே முன்பணம் கட்டும் அடிப்படை மருத்துவத் திட்டம் வந்தது. ஆண்டுக்கொரு அடிப்படை உடல் பரிசோதனையும் அதில் அடக்கம். கடல் கடந்து சென்ற மகனுக்கு ஆண்டுதோறும் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், ஊரில் இருக்கும் தந்தைக்குப் பார்ப்பதில்லை என்ற நிலை நமக்கு உறுத்த வேண்டும்.

நம் பங்குகளையும் சற்றுப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 11, உலக நோயாளர் தினத்தையொட்டி மருத்துவ முகாம் நடத்துகிறோம், நல்லதுதான். வருகிறவர்களுக்குச் சர்க்கரை அளவு எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். அந்தச் சீட்டோடு அவர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போனாரா, மாத்திரை தொடங்கினாரா என்று அடுத்த மாதம் கேட்க யார் இருக்கிறார்கள்? முகாமுக்கு வந்தவர்களின் பெயர்ப்பட்டியலை அன்பியப் பொறுப்பாளரிடம் கொடுத்தால், அவர் வீடுகளுக்குப் போகும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். இதற்குப் பணம் தேவையில்லை.

அரசிடம் கேட்க வேண்டியதும் பெரிதல்ல. காப்பீட்டு அட்டைக்காக வருமானச் சான்றிதழ் வாங்கி, சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்திற்குப் போய், வரிசையில் நின்று, படம் எடுத்துக் கைரேகை வைக்கிறார்கள் மக்கள். காரைக்குடிப் பக்கத்திலிருந்து போகிறவருக்கு அது அரை நாள் கூலி போகிற பயணம். அதே மேசையில் ஒரு ரத்த அழுத்தக் கருவியும் ஒரு சர்க்கரை மானியும் ஒரு செவிலியரும் இருந்தால் போதும். அளவு கூடுதலாக இருந்தால், அவர் ஊர் சுகாதார நிலையத்திற்கு அங்கிருந்தே தகவல் போகட்டும். கருவிகளின் விலை சில ஆயிரம் ரூபாய். வரிசையில் நிற்பவர் எப்படியும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.