கைகளுக்குத் திறந்த கதவு, காசுக்குப் பூட்டு

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பற்றிய வாக்குவாதம் எப்போது கிளம்பினாலும், இரு தரப்பும் மதமாற்றத்தைப் பேசிவிட்டுக் கலைந்துவிடுகின்றன. கொல்லிமலையில் ஒரு குடும்பம் வீடு கட்டிக்கொள்ள என்ன வேண்டும் என்று கேட்பாரில்லை.

அச்சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், வெளிநாட்டுப் பணம் பெற்ற தொண்டு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பதை அடியோடு தடுத்தது. அதே ஒன்றிய அரசின் சுற்றுலா மின்-விசாவோ, ஊதியமில்லாத தன்னார்வப் பணிக்கு ஒரு மாதம் வரை இடம் கொடுக்கிறது. விளைவு என்ன? வெளிநாட்டுத் தேவாலயச் சபையார் பத்துப் பேர் வந்து கொத்தனார் கரண்டி பிடித்துப் பார்க்கலாம். அவர்கள் ஊர்ப் பணம் மட்டும் பதிவில்லாத ஒரு மலை அமைப்புக்கு ஒரு மூட்டை சிமென்ட்டாகக்கூட மாறாது.

இது தலைகீழ் ஏற்பாடு. கொல்லிமலையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. காரவல்லியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் கம்பிக்கும் ஜல்லிக்கும் ஆகும் வண்டிக்கூலிதான் வீட்டைப் பாதியில் நிறுத்துகிறது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் சமவெளிக்கு 1.20 லட்சம் ரூபாய் தருகிறது. கடினப் பகுதி என்று ஏற்றுக்கொண்டால் 1.30 லட்சம். மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதானாம், பத்தாயிரம் ரூபாய்! மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லத் திட்டம் தரும் 3.50 லட்சம் எவ்வளவோ மேல். அதற்கும் பட்டா கேட்பார்கள்.

மிஷன் என்றால் ஒரு வாரப் பயணம் என்று நினைப்பவர்கள் இதே மலையின் வரலாற்றைப் படிக்க வேண்டும். மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913இல் மணமுடித்து இங்கே குடியேறினார்கள். கட்டுமானத் தொழில் தெரிந்த ஜெஸ்ஸி, மரச்சட்டங்களைக் கீழே அறுத்துத் தயார்செய்து, ஆட்கள் தோளில் ஏற்றி மேலே கொண்டுவந்து, கறையான் ஏறாதபடி தூண்கள்மேல் வீட்டை நிறுத்தினார். மலைவாசிகளுக்குத் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார். 1929இல் கருநீர்க் காய்ச்சலில் இந்த மலையிலேயே இறந்தார்.

மகன் பாலுக்கு அப்போது பதினான்கு வயது, இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். தந்தையைப்போல மலைக்குத் திரும்பி வீடு கட்ட வேண்டும் என்பதற்காகவே ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தச்சும் கொத்துவேலையும் பயின்றான். ஐந்து ஆண்டுகள்! பிறகு மருத்துவம் அவரை இழுத்துக்கொண்டது. 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். மரத்தில் பழகிய கை அங்கும் வீண்போகவில்லை. குணமானவர்கள் பிழைக்கத் தச்சுப் பட்டறையும் அமைத்தார். ஈவ்லினோ, ஓய்வுபெறச் சொன்ன மிஷனை விட்டு விலகி மலைக்கே திரும்பி, நரம்புச் சிலந்தி நோயோடு மல்லுக்கட்டி, 1974இல் 95 வயதில் மறையும்வரை மலைவாசிகளோடேயே இருந்தார்.

இவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மாத விசாவை வைத்துப் பாருங்கள். செங்கல் வரிசை பிடிக்கத் தெரியாதவருக்குச் சுவர் எழுப்பும் உரிமையை யார் கொடுத்தது? அவர் ஊரில் உரிமம் இல்லாதவர் மின்கம்பியைத் தொட விடுவார்களா? வந்தவரின் மனம் மாறுகிறதே என்கிறார்கள் இப்பயணங்களை ஆதரிப்பவர்கள். ஒருவர் மனம் மாற ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் சுவர் கோணலாக வேண்டுமா? பணத்தை அடைத்தால் மதமாற்றம் நின்றுவிடும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம்: பிராண்ட் தம்பதியிடம் தொடக்க ஆண்டுகளில் ஒருவரும் சபையில் சேரவில்லை; மருந்து கொடுப்பது நிற்கவில்லை.

சுற்றுலா விசாவின் தன்னார்வப் பணிகளிலிருந்து கட்டுமானத்தை ஒன்றிய அரசு உடனே நீக்க வேண்டும். பகிர்ந்தளிக்கும் தடையை, குறைந்தபட்சம் பழங்குடிப் பகுதி வீடுகளுக்காவது, கணக்குத் தணிக்கையோடு விலக்க வேண்டும். மலைக்கு வர விரும்பும் சபைகள் விமானக் கட்டணத்தை இங்குள்ள கொத்தனாருக்குக் கூலியாக அனுப்பட்டும். வந்தே தீருவோம் என்பவர்கள் முதலில் தொழிலைக் கற்றுக்கொண்டு, மலையில் தங்கும் எண்ணத்தோடு வரட்டும்.