அன்புக்கு எதற்குப் பதிவெண்?

நாகூரைத் தாண்டியதும் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதி தொடங்கும் இடம் வாஞ்சூர். வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரோடு நினைவுக்கு வருபவை மதுக்கடைகள்தாம். ஆக, உரிமம் என்றால் என்னவென்று அறியாத பகுதியல்ல அது. அங்கே கீழவாஞ்சூரில், மனவளர்ச்சிக் குறைபாடுள்ள நாலைந்து பிள்ளைகளைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சான்றிதழ் வேண்டுமா?

எதற்கு, அன்பு போதாதா என்பதே நம்மில் பலருடைய முதல் பதில். எனக்கு இதில் உடன்பாடில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை மல்லாத்திப் படுக்கவைத்து ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம் (நம் திரைப்படங்கள் கற்பித்த வைத்தியம்!). செய்யவேண்டியதோ ஒருக்களித்துப் படுக்கவைப்பதும், வாயில் எதையும் வைக்காதிருப்பதும், எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கவனிப்பதும். இதெல்லாம் பரிவினால் தானாகக் கைவருவதல்ல. யாராவது சொல்லித்தர வேண்டும்.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் இதைத்தான் சொன்னது. அக்குழுமத்தின் மத்தியப் பதிவேட்டில் பெயரில்லாதவர் மறுவாழ்வுப் பணியாளராகத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் என்று பல வகையினரைப் பட்டியலிட்டது. பட்டியலில் தாயும் பாட்டியும் இல்லை; இருக்கவும் முடியாது. ஆனால் நம் ஊர்களில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்கிறவர்கள் அவர்கள்தாம்.

அந்தப் பெண் சிறப்பாசிரியராக விரும்பினால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுப் பட்டயம் படிக்கவேண்டும். பராமரிப்பாளருக்கென்று பத்து மாதச் சான்றிதழ்ப் படிப்பும் இருக்கிறது. பல்வகைக் குறைபாடுடையோருக்காக 2005இல் அமைந்த தேசிய நிறுவனம் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது, வடக்கே வெகுதொலைவில், முட்டுக்காட்டில். வீட்டையும் பிள்ளையையும் விட்டு அங்கே போய்த் தங்கிப் படிக்க யாரால் முடியும்?

நிலையத்துக்கு வேறொரு பதிவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கீழவாஞ்சூரில் தொடங்கினால் புதுச்சேரி அரசின் அதிகாரியிடம். நடந்துபோகும் தூரத்தில் எல்லைக்கு அப்பால் தொடங்கினால் தமிழ்நாட்டு அதிகாரியிடம். பிள்ளையின் குறைபாட்டுச் சான்றிதழ் நாடு முழுதும் செல்லும். நிலையத்தின் பதிவு அந்த எல்லைக்கோட்டோடு நின்றுவிடும்.

சான்றிதழைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. போலிப் பயிற்சி மையங்களுக்குப் பணத்தைக் கொட்டி ஏமாறும் பெற்றோருக்கு அந்தப் பதிவேடு ஒன்றுதான் துணை. தளர்த்தவேண்டியது தூரத்தை. பத்து வருடம் ஒரு பிள்ளையை வளர்த்த அனுபவத்தைச் சேர்க்கையில் தகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். செய்முறை வகுப்புகளைக் காரைக்காலிலோ நாகப்பட்டினத்திலோ வையுங்கள், மதியப் பேருந்தில் போனவர் இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி.