சுயதொழிலில் எந்தச் செலவைக் கழிக்கலாம்?

போனக்காடு: விதுராவுக்கு மேலே, அகத்தியர் மலையின் அடிவாரத்தில் உள்ள போனக்காடு தேயிலைத் தோட்டம் நொடித்துப் போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தொழிற்சாலை ஓய்ந்துவிட்டது. கொழுந்து கிள்ளிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கூலி பாக்கியும் பணிக்கொடைப் பாக்கியும் தீராத வழக்காயின. தோட்டங்கள் நலிந்த இடங்களிலெல்லாம் அடுத்த தலைமுறை மாதச் சம்பளத்தை நம்பியிருக்க முடியாது. வாடகை ஜீப் ஓட்டுவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது, கம்ப்யூட்டர் வேலை எடுத்துச் செய்வது, பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவது என்று தன் கையே தனக்கு உதவியாகப் பிழைக்க வேண்டியிருக்கிறது.

"நமக்கு ஏது வருமான வரி?" என்பது இவர்களில் பலருடைய எண்ணம். பெரும்பாலோர் வரி கட்ட வேண்டியிராது என்பது உண்மையே. 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் ரூ. 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரி விழுவதில்லை. ஆனால் வரி இல்லை என்பது வேறு, கணக்கு வேண்டாம் என்பது வேறு. கணக்கு வைக்காததால் கைப்பணத்தை இழப்பவர்கள் இந்த ஏழை எளியவர்களே.

எது சேரும்? எது சேராது?

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37(1)ஆம் பிரிவு, முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே செய்த செலவைக் கழிக்க அனுமதித்தது. அது சொந்தச் செலவாகவோ மூலதனச் செலவாகவோ இருக்கக் கூடாது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் கொள்கை மாறவில்லை.

வாடகை ஜீப்பை எடுத்துக்கொள்வோம். டீசல், பழுது, டயர், இன்ஷூரன்ஸ், டிரைவர் கூலி ஆகியவை கழிக்கத்தக்கவை. வண்டியின் விலையை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம் உண்டு. கடனுக்குக் கட்டும் வட்டி செலவாகும், அசல் ஆகாது. போலீசுக்குக் கட்டிய அபராதமும், கோயில் கொடைக்குக் கொடுத்த வரியும் சேரா. போனும் மின்சாரமும் வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவானால், தொழிலுக்கு உரிய பங்கை மட்டுமே எழுதலாம். ஒருவருக்கு ஒரே நாளில் ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விலக்குகள் நீங்கலாக, அந்தச் செலவு ஏற்கப்படாது. பாங்கி வழியே கொடுப்பதே நல்லது.

"தொழிலின் பொருட்டு" என்ற சொல்லுக்கு எல்லை வகுத்த முக்கியத் தீர்ப்புகளில் ஒன்று, கேரள மலைத்தோட்ட வழக்கு ஒன்றிலேயே பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. மலையாளம் பிளான்டேஷன்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி, இறந்துபோன பங்குதாரர்களின் சொத்துக்காகத் தான் கட்ட நேர்ந்த வரியைத் தொழிற்செலவாகக் கழிக்கக் கோரியது. 1964இல் சுப்ரீம் கோர்ட் அதை மறுத்தது. லாபம் ஈட்டும் செலவு மட்டுமல்ல, தொழிலைக் காக்கவும் நடத்தவும் ஆகும் செலவும் சேரும். ஆனால் பிறருடைய கடமைக்காகக் கட்டியது சேராது என்பது தீர்ப்பின் சாரம். பெரிய கம்பெனிக்குச் சொன்ன இந்த விதிதான் ஒற்றை ஜீப்காரருக்கும்.

ரசீது இல்லாதவர் கதி

மலைப்பாதையில் வண்டிக்குக் கல் வைத்துத் தள்ளியவர் ரசீது தருவாரா? இத்தகைய சிறு தொழிலுக்காகவே உத்தேச வருமானத் திட்டம் உள்ளது. வரவில் ரொக்கத்துக்கு 8 சதவீதம், பாங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் லாபம் எனக் காட்டினால் போதும். ரூ. 5 லட்சமும் ரொக்கமாக வந்தால் லாபம் ரூ. 40,000. அதன்மேல் டீசல், தேய்மானம் என்று எதையும் தனியே கழிக்க முடியாது.

கம்ப்யூட்டர் தொழில்நுட்பப் பணி போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம். பத்திரிகைக்கு எழுதுவோர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பஸ் கட்டணம், போன், காமிரா பழுது ஆகியவற்றைத் தேதிவாரியாக எழுதிவைப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

நஷ்டம் எங்கே வருகிறது? தொழில்முறைக் கட்டணம் வரம்பை மீறினால், கொடுப்பவரே 10 சதவீதம் பிடித்துச் சர்க்காருக்குக் கட்டிவிடுகிறார். ரூ. 3 லட்சம் சம்பாதித்தவருக்கு ரூ. 30,000 குறைகிறது. அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் வரியே கிடையாது. அத்தனையும் திரும்ப வர வேண்டிய பணம். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் அது வராது. பான் எண் கொடுக்காதவருக்குப் பிடித்தம் 20 சதவீதம் வரை ஏறும்.

முதலாளிக்கும் அதே விதி

தோட்ட முதலாளியும் இச்சட்டத்துக்கு விலக்கல்ல. தேயிலை பயிரிட்டுத் தயாரித்து விற்கும் வருமானத்தில் 40 சதவீதம் மத்திய வருமான வரிக்கு உட்பட்டது. பிராவிடண்ட் பண்டுக்குத் தன் பங்கை உண்மையில் கட்டினால்தான் கழிவு உண்டு. பணிக்கொடையைக் கணக்கில் ஒதுக்கீடாக எழுதினால் மட்டும் போதாது. தொழிலாளியின் கூலியில் பிடித்த பங்கைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் கழிவே கிடையாது என்று 2022இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

நல்ல விதிதான். ஆனால் லாபமே இல்லாத தோட்டத்தைக் கழிவு கிடையாது என்று மிரட்டிப் பயனில்லை. அந்த விதி மட்டும் லயத்துக்குப் பணிக்கொடையைக் கொண்டுவந்து சேர்த்துவிடாது.

சுயதொழிலுக்கு வந்தவருக்கோ பணிக்கொடையும் இல்லை, பிராவிடண்ட் பண்டும் இல்லை. வண்டிக்கடன் கேட்டுப் போனால் பாங்கி கேட்பது வருமானச் சான்று. வரி ஏதும் இல்லாமலேயே தாக்கல் செய்த ரிட்டர்ன் அங்கே சான்றாக நிற்கும். பெற்றோரின் உழைப்புக்குக் கணக்கு எழுதியது எஸ்டேட் ஆபீஸ்; பாக்கி நின்றபோது அந்தக் கணக்கு அவர்கள் கையில் இல்லை. பிள்ளைகளாவது தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டும், ரசீதுகளைக் கோக்க ஒரு கம்பியும் போதும்.