பீட்டா பதிப்பு: முழு வயலிலும் விதைக்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் புரோகிராமிங் பழகத் தொடங்குபவர்களுக்கு விரைவிலேயே ஒரு சந்தேகம் வரும். பைத்தான் போன்ற ஒரு தொகுப்பை டவுன்லோட் செய்யப் போனால், முடிந்து வெளிவந்த பதிப்போடு, அடுத்த பதிப்பின் பீட்டாவும் கிடைக்கிறது. எண் பெரியது, வசதிகள் அதிகம், அதுவும் இலவசம். பிறகு ஏன் பழையதைப் போட வேண்டும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், உங்கள் வேலையோ பிள்ளைகளின் பாடமோ அதை நம்பி இருக்கிறது என்றால், பீட்டாவுக்கு மாறாதீர்கள்.

ஒரு புரோகிராம் முழுமை பெறுவதற்கு முன் சில கட்டங்களைத் தாண்டி வருகிறது. ஆல்பா கட்டத்தில் வசதிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். பீட்டாவில் வசதிகள் ஏறக்குறைய முடிந்திருக்கும். "பயன்படுத்திப் பார்த்துப் பிழைகளைச் சொல்லுங்கள்" என்று வெளியே தருவார்கள். அடுத்தது ஆர்.சி. எனப்படும் ரிலீஸ் கேண்டிடேட். அதன் பிறகே இறுதிப் பதிப்பு. பைத்தான் 3.14ன் முதல் பீட்டா 2025 மே மாதம் வந்தது. இறுதிப் பதிப்பு அக்டோபர் 7ல் வந்தது. இடையில் ஐந்து மாதங்கள் பிழை திருத்தத்திற்கே போயின.

ஜிமெயில் 2004 முதல் 2009 வரை பீட்டா என்ற பெயருடனேயே இயங்கியது. அதனால் பீட்டா என்பது சும்மா ஒரு முத்திரை என்று பலர் நினைத்துவிட்டார்கள். ஆனால் மெயில் பார்ப்பது வேறு, புரோகிராம் எழுதும் கருவி வேறு. கருவியிலேயே பிழை இருந்தால், தவறு தன் புரோகிராமிலா, கருவியிலா என்று அனுபவசாலி கண்டுபிடித்துவிடுவார். புதியவருக்கு அது தெரியாது. சரியாக எழுதிய வரியையே பத்து முறை மாற்றி எழுதிக்கொண்டிருப்பார்.

நம் தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏ.எஸ்.டி. என்று தொடங்கும் நெல் ரகங்கள் அங்கே பிறந்தவை. 1986ல் வெளியான ஏ.எஸ்.டி. 16 ரகத்தைத் தெரியாத விவசாயி இங்கே குறைவு. ஒரு புதிய நெல் ரகம் முதலில் ஆராய்ச்சி நிலையத்து வயலிலும், பிறகு வெவ்வேறு ஊர்களிலும், விவசாயிகளின் நிலங்களிலும் சோதிக்கப்பட்ட பிறகே வெளியிடப்படுகிறது. சோதனையில் இருக்கும் விதையை நம்பி, பிசானத்துக்கு முழு வயலையும் யாரும் விட்டுவிடுவதில்லை. ஆசை இருந்தால் ஒரு மரக்கால் விதைப்பாட்டில் போட்டுப் பார்ப்பார்கள். பொய்த்தால் நஷ்டம் அந்தத் துண்டோடு போகும்.

இப்போது பள்ளிக்கூடத்திற்கு வருவோம். தமிழக அரசின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் 2019ல் பைத்தான் இடம் பிடித்தது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில், மேட்பிளாட்லிப் என்ற லைப்ரரியைக் கொண்டு வரைபடம் போடும் பாடம் உண்டு. இந்த லைப்ரரி பைத்தானோடு சேர்ந்து வருவதில்லை. தனியாக இன்ஸ்டால் செய்திட வேண்டும். அதைத் தயாரிப்பவர்கள் வேறு குழுவினர். பைத்தானின் பீட்டா வந்தவுடன், அதற்கேற்ற லைப்ரரி தயாராக இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டால் உங்கள் கம்ப்யூட்டர் அதைத் தானே கம்பைல் செய்திட முயலும். அதற்கான கம்பைலர் புதிய கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இருக்காது. திரை முழுவதும் பிழைச் செய்திகள் ஓடும். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இது நடந்தால், பாளையங்கோட்டையில் ஆள் தேடி அலைவது மாணவனின் பெற்றோர்தான்.

காத்திருந்தால் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். பைத்தான் 3.0 வெளியானது 2008 டிசம்பரில். நம் பாடத்தில் பைத்தான் வந்தது 11 ஆண்டுகள் கழித்து. 2019ல் படிக்கத் தொடங்கிய மாணவன் எதையும் இழக்கவில்லை. லைப்ரரிகள் எல்லாம் தயாராக இருந்த, பண்பட்ட மொழிதான் அவனுக்குக் கிடைத்தது.

அதற்காகப் பழையதையே கட்டிக்கொண்டு அழவும் கூடாது. 1990ல் டாஸ் காலத்தில் வந்த டர்போ சி++ தொகுப்பை வைத்து, நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். சி++ மொழிக்கான தர வரையறை 1998லேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னும் படித்து வந்தவர்கள், வேலைக்குப் போன இடத்தில் முதல் வரியையே மாற்றி எழுதப் பழக வேண்டியிருந்தது. பழைய விதையும் ஒரு நாள் முளைக்காமல் போகும். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ல் முடிந்தது. இன்று அதில் யாரும் புதிதாகத் தொடங்கக் கூடாது.

பீட்டாவைச் சோதிப்பவர்கள் இல்லாவிட்டால் நல்ல இறுதிப் பதிப்பு வராது என்பதும் உண்மைதான். ஆர்வம் இருந்தால் நீங்களும் சோதியுங்கள். ஆனால் கீழ்க்கண்டவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

1. பைத்தானில் பதிப்பு எண்ணின் முடிவில் ஏ, பி, ஆர்.சி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது இன்னும் முடிவடையாதது. இறுதிப் பதிப்பில் எண்கள் மட்டுமே இருக்கும்.

2. பழையதை நீக்காமல், பக்கத்திலேயே இன்னொரு போல்டரில் பீட்டாவை இன்ஸ்டால் செய்யுங்கள். பைத்தானில் இரண்டு பதிப்புகளும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம்.

3. உங்கள் புரோகிராம்களின் நகலை மட்டும் பீட்டாவில் திறந்து பாருங்கள். சில கருவிகள் பைல்களைப் புதிய அமைப்புக்கு மாற்றிவிடும். பிறகு பழைய பதிப்பில் அவை திறக்காது.

4. காலக்கெடு உள்ளதா எனப் பாருங்கள். விண்டோஸ் 7 பீட்டா 2009 ஆகஸ்ட் 1ல் காலாவதியானது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தது.

5. பிழை கண்டால் தயாரித்தவர்களுக்கு எழுதுங்கள். அது முடியாது என்றால் பீட்டாவை வைத்திருப்பதில் பயன் இல்லை.

இறுதிப் பதிப்பு வந்த பிறகும், முதல் பிழை திருத்தப் பதிப்பு வரும்வரை ஒன்றிரண்டு மாதம் பொறுத்து மாறுங்கள். புரோகிராமிங் பழகுபவருக்குத் தேவை நம்பகமான கருவி. புது வசதிகள் எங்கும் ஓடிவிடாது. ஆனால் தேர்வுத் தேதி நமக்காகக் காத்திருக்காது.