பிரதியை நம்புவது எங்ஙனம்?

ஓர் ஏட்டிலுள்ளதை இன்னோர் ஏட்டிற் பெயர்த்தெழுதுவது நம்மவர்க்குப் புதிய தொழிலன்று. பனையோலைச் சுவடிகளைத் தலைமுறை தோறும் பெயர்த்தெழுதியே நம் முன்னோர் நூல்களைக் காத்தனர். அங்ஙனம் எழுதுங்கால் எழுத்து மாறும், சொல் விடுபடும், ஒரு வரி முழுவதுமே தாவிப்போதலும் உண்டு. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரு சுவடியை மட்டும் நம்பாது, பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பாடந் தேர்ந்தமைக்குக் காரணம் இதுவே. இன்று பெயர்த்தெழுதும் தொழிலைக் கணினி செய்கின்றது. ஒரு கோப்பிலுள்ள ஆயிரம் எண்களை மற்றொரு கோப்பில் இடுதற்குச் சில விசைகளை அழுத்துதல் போதும். இயந்திரம் செய்வதாதலின் எழுத்து மாறாது, எண் சிதையாது, ஆகவே பிழையும் நேராது என்று நாம் எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணம் எத்துணை பொருந்தும் என்பதையே இவ்வாரம் ஆராயப் புகுகின்றோம்.

விரிதாள் என்பது நிரைகளும் நிரல்களுமாகக் கட்டம் வகுக்கப்பெற்ற கணக்குத்தாள். 1979 ஆம் ஆண்டிலே டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்ரன் என்னும் அமெரிக்கர் இருவர், விசிகல்க் என்ற பெயரால் இதனைச் சிறு கணினியின் திரைக்குக் கொண்டுவந்தனர். வெட்டி ஒட்டும் முறை அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது. கலிபோர்னியாவிலிருந்த செரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் லறி ரெஸ்லர், ரிம் மொற் என்போர் 1970 களின் நடுப்பகுதியில் அதனை ஆக்கினர். கத்தரிக்கோலும் பசையுங் கொண்டு கடதாசியை வெட்டி ஒட்டும் பத்திராதிபர் வழக்கமே அதற்கு மாதிரியாயிற்று. இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்த பின்னர், கணக்கர் பல நாள் இருந்து செய்த வேலை கணப்பொழுதில் முடியலாயிற்று.

கையால் எழுதுவோர் பிழை செய்தால் அது பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகும். அடித்தலும் திருத்தலும் அதனைக் காட்டிக்கொடுக்கும். கணினியிலே நேரும் பிழையோ மிக நேர்த்தியாக அமர்ந்திருக்கும். உதாரணமாக, 40 மாணவருள்ள ஒரு வகுப்பின் பெயர்ப்பட்டியல் ஒரு கோப்பிலும், கணிதப் புள்ளிகள் மற்றொரு கோப்பிலும் உள்ளன என்று கொள்வோம். பரீட்சைக்கு வராத 17 ஆம் மாணவருக்குப் புள்ளிக் கோப்பிலே நிரை இல்லை. புள்ளி நிரலை அப்படியே எடுத்துப் பெயர்களின் அருகே ஒட்டினால், 18 ஆம் மாணவரின் புள்ளி 17 ஆம் மாணவரைச் சேரும். அவருக்குப் பின்னுள்ளோர் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரின் புள்ளியைப் பெறுவர். கடைசியில் நிற்பவருக்கு ஒன்றும் இராது. 24 பிள்ளைகளின் பெறுபேறு பிழையாகிவிடும். ஆயினும் அத்தாளைப் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு குறையும் தோன்றாது.

இது பாடசாலைக்கு மட்டும் உரிய இடரன்று. 2003 ஆம் ஆண்டிலே, கனடா நாட்டு மின்சக்தி நிறுவனமாகிய ட்ரான்ஸ்ஆல்ற்றா, நியூயோர்க் மின்கடத்தல் ஒப்பந்தங்களுக்கு விலை கோரிற்று. விரிதாளில் வெட்டி ஒட்டியபோது நிரைகள் வழுவின. கோரிய விலைகள் தமக்கு உரியவல்லாத ஒப்பந்தங்களோடு சேர்ந்தன. இதனால் விளைந்த நட்டம் 2 கோடியே 40 இலட்சம் அமெரிக்க டொலர்.

நிரை வழுவாவிடினும் வேறு இடர்கள் உள. ஒரு கலத்தில் நாம் காண்பது எண். அதன் பின்னே மறைந்திருப்பது ஒரு சூத்திரமாக இருத்தல் கூடும். அதனை வேறொரு கோப்பிற்குக் கொண்டு சென்றால், அது புதிய இடத்தின் அயற்கலங்களைக் கூட்டத் தொடங்கும். அல்லது பழைய கோப்பையே எதிர்பார்த்து நிற்கும். ஆதலின் ஒட்டும்போது ‘பெறுமானங்கள் மட்டும்’ என்னும் தெரிவைக் கொள்ளுதல் நன்று. இன்னும், தொலைபேசி இலக்கத்தின் முன்னுள்ள பூச்சியத்தை விரிதாள் பயனற்றதெனக் கருதி நீக்கிவிடும். 03/04 என்பதை ஒரு கணினி ஏப்ரல் 3 என்றும், மற்றொன்று மார்ச் 4 என்றும் கொள்ளும். ‘மார்ச் 1’, ‘செப்ற் 2’ என்று குறிக்கப்பட்ட மனித மரபணுக்களின் பெயர்களை எக்செல் விரிதாள் தேதிகளாக மாற்றிவந்தமையால், மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு அப்பெயர்களையே மாற்ற நேர்ந்த செய்தி 2020 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இவற்றைத் தவிர்க்க, ஒட்டுவதற்கு முன்னரே அந்நிரலை ‘எழுத்து’ வகையாக அமைத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய பாடத்தை அதே ஆண்டில் இங்கிலாந்து கற்றது. கொரோனா நோய் பரவிய அக்காலத்தில், ஆய்வுகூடங்கள் அனுப்பிய முடிவுகளை அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் எக்செல்லின் பழைய வகைக் கோப்பிற்கு மாற்றிவந்தது. அவ்வகைக் கோப்பு 65,536 நிரைகளையே கொள்ளும். புதிய வகையோ 1,048,576 நிரைகளைக் கொள்ள வல்லது. பழைய கோப்பு நிறைந்ததும் எஞ்சியவை உதிர்ந்து போயின. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 நோயாளரின் விபரம் நாளாந்தக் கணக்கிற் சேரவில்லை. அந்நோயாளர் தத்தம் முடிவுகளை அறிந்திருந்தனர். ஆனால் அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்க வேண்டியவர்க்கு அவ்விபரம் உரிய நேரத்தில் எட்டவில்லை. நோய் பரவும் வேளையிலே அந்நாள்களின் பெறுமதி யாதென்று நாம் கூறவேண்டியதில்லை.

ஆயின் பிரதியை எவ்வாறு நம்புவது? மூன்று சோதனைகள் போதுமானவை. முதலாவது எண்ணிக்கை: மூலத்தில் எத்தனை நிரை, பிரதியில் எத்தனை நிரை என்று பார்த்தல். இங்கிலாந்தில் நேர்ந்த இழப்பை இது ஒன்றே காட்டியிருக்கும். இரண்டாவது கூட்டுத்தொகை: இரு கோப்பிலும் நிரலைக் கூட்டி ஒப்பிடுதல். மூன்றாவது ஆள்: முதலிலும் நடுவிலும் இறுதியிலும் சிலரைத் தெரிந்து, அவரவர் புள்ளி அவரவர்க்கே சேர்ந்துள்ளதா என நோக்குதல். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகின்றனர். நாம் மேலே காட்டிய வகுப்பில் ஒட்டிய புள்ளிகளின் எண்ணிக்கை 39 என்றே இருக்கும். கூட்டுத்தொகையும் இம்மியளவும் மாறாது. ஆளைப் பார்த்தவரே பிழையைக் காண்பார். இதனினும் சிறந்த வழி, நிரையின் ஒழுங்கை நம்பாது, சுட்டெண்ணைக் கொண்டு உரிய புள்ளியைத் தேடியெடுக்கும் வீ-லுக்கப் போன்ற சார்புகளைப் பயன்படுத்துதல். ஒரே பெயருடையார் இருவர் இருத்தல் கூடுமாதலின், பெயரைக் கொண்டு தேடுதல் தகாது.

இச்சோதனைகளுக்குச் சாட்சியாக உதவுவது திரைப்பிடிப்பு, அதாவது கணினித் திரையிற் காண்பதை அவ்வாறே படமாக எடுத்தல். விசைப்பலகையிலுள்ள ‘பிரின்ற் ஸ்கிரீன்’ என்னும் விசை 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் கணினியிலே திரையிலுள்ள எழுத்துகளை அச்சுப்பொறிக்கு அனுப்பியது, அதனாலேயே அப்பெயர். இப்போது விண்டோஸ் கணினிகளிலே அது திரையைப் படமாக எடுத்து நினைவில் வைக்கும். வேண்டிய இடத்தில் நாம் ஒட்டிக்கொள்ளலாம். சில புதிய கணினிகளில் அவ்விசை படம் வெட்டும் கருவியைத் திறக்கும். ‘ஓல்ற்’ விசையுடன் சேர்த்தழுத்தினால் நாம் வேலை செய்யும் சாளரம் மட்டும் படமாகும். விண்டோஸ், ‘சிப்ற்’, ‘எஸ்’ என்னும் மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் வேண்டிய பகுதியை மட்டும் வரைந்தெடுக்கலாம். மூலத்தை மாற்றுவதற்கு முன் ஒன்றும், ஒட்டிய பின் ஒன்றுமாக எடுத்து வைத்தால், பின்னர் ஐயம் எழுங்கால் எது எங்கே மாறிற்று என்பதைக் காட்டலாம்.

எனினும் படம் கணக்காகாது. அதிலுள்ள எண்களை விரிதாள் கூட்டாது. திரைக்கு அப்பாலுள்ள நிரைகள் அதில் இரா. கலத்தின் பின்னுள்ள சூத்திரமும் தெரியாது. ஆகவே படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்தல் பேதைமை. மேலும், படம் காட்டக் கூடாததையும் காட்டும். ஒரு பிள்ளையின் புள்ளியைப் பெற்றோர்க்கு அறிவிக்கப் புகுந்து, வகுப்பு முழுவதன் தாளையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் இட்டால், கடைசியில் நிற்கும் பிள்ளையின் பெயரும் ஊரறியப் போகும். வேண்டாத பகுதியை வெட்டிவிட்டோம் என்பதும் எப்போதும் காப்பாகாது. கூகிளின் பிக்செல் தொலைபேசியிலும், விண்டோஸ் 11 இன் வெட்டுங் கருவியிலும் வெட்டப்பட்ட பகுதி கோப்பினுள்ளே எஞ்சியிருந்து மீட்கத்தக்கதாயிருந்தமை 2023 ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. அக்குறை பின்னர் திருத்தப்பட்டது. ஆதலின் முழுத்தாளையும் எடுத்து மறைப்பதினும், காட்டத்தக்க நிரையை மட்டும் தனித்தாளிற் பெயர்த்து அதனைப் படமெடுத்தலே முறை.

இவையெல்லாம் அலுவலகத்தார்க்கே உரியவை என்று மாணவர்கள் எண்ணற்க. வீட்டுச் செலவுக் கணக்கும், கோயிற் பரிபாலன சபையின் வரவு செலவும், சனசமூக நிலையத்தின் அங்கத்தவர் பட்டியலும் இன்று விரிதாள்களில் ஏறிவிட்டன. அவற்றைப் பெயர்த்தெழுதும் வேலை பெரும்பாலும் வீட்டிலுள்ள இளைஞர் கையிலேயே வந்து சேர்கின்றது. பெயர்த்தெழுதும்போது எக்கோப்பிலிருந்து, எந்நாளில், யார் எடுத்தார் என்பதை மேல்நிரையிலே குறித்து வைத்தல் நற்பழக்கம். மூன்று சோதனைகளையும் செய்து முடிக்கப் பத்து நிமிடம் செல்லும். தன் பெறுபேறு தன்னுடையதே என்று ஒரு பிள்ளை நம்புவதற்கு, அப்பத்து நிமிடம் நாம் செலுத்தவேண்டிய கடனாகும்.