நடை ஐயாவுக்கு மட்டும்தானா?

காலை ஆறு மணிக்கு மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் போங்க. கை வீசி நடக்கிற நம்ம ஊர் ஐயாக்கள் நாலு பேராவது கண்ணில் படுவாங்க. வீட்டம்மா? அடுப்படியில். டிபன் கட்டணுமே!

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே"ன்னு ஒரு சமாதானம் வேற. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமா நடக்கிற அளவுக்கு உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே கணக்குதான். தோசைக்கல் முன்னாடி நிற்கிறது அதில் சேராதுங்க.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். அது ஆம்பளை, பொம்பளை பார்த்தா வருது?

ஊர்லன்னா கைமாற்றிவிட அம்மா, அத்தை இருப்பாங்க. இங்கே நாம ரெண்டே பேர். அதனால வாரத்தில் மூணு நாள் காலைச் சமையல் ஐயா பொறுப்பு, நடை அம்மாவுக்கு. உப்புமா கிண்டக்கூடவா தெரியாது?

என்ன சொல்றீங்க?