அலுமாரிச் சாவி

"இப்பொழுது என்ன வாசிக்கிறீர்கள்?" என்று ஆசிரியர் ஓய்வறையில் நாம் ஒருவரையொருவர் கேட்பதில்லை. சம்பளத்தையும் இடமாற்றத்தையும் மணிக்கணக்கிற் பேசுகிறோம். கையிலுள்ள நூலைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. வீட்டிலோ கண்ணாடி அலுமாரி, அதற்கொரு பூட்டு. இதனை அடக்கம் என்கின்றனர் சிலர். அடக்கமன்று, கல்வியைத் தனிச்சொத்தாக்கும் கஞ்சத்தனம்.

1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அவ்வித்தே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981இல் பொலிசாரும் காடையரும் அதனை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. எரித்த கொடுமையை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். தோற்றுவித்த செயலை மறந்துவிட்டோம்.

சாதி இழிவுரை பொறாது பாடசாலையை விட்டு வெளியேறிய டொமினிக் ஜீவா, 1966இல் தம் முடிதிருத்தும் நிலையத்திலிருந்தே 'மல்லிகை'யை நடத்தத் தொடங்கினார். அங்கே இலக்கியம் பேசப் பட்டம் தேவைப்படவில்லை. பட்டம் பெற்ற நாமோ மௌனம் சாதிக்கிறோம்!

"இரவல் கொடுத்த நூல் திரும்புவதில்லை" என்பர். மெய்தான். பூட்டிய நூல் மட்டும் யாருக்குப் போகிறது? கறையானுக்கு! நூலைக் கொடுக்க மனமில்லையேல் அதன் பெயரையாவது சொல்லலாமே. தேடிச் செல்லும் மாணவனுக்கு அதுவே போதும்.

எரித்தவரைச் சாடுவோம், சாடத்தான் வேண்டும். ஆயின், எஞ்சியதைப் பூட்டிவைத்துக்கொண்டு சாடினால் நம் சொல்லில் வலுவிருக்குமா? நாளை ஓய்வறையில் முதற் கேள்வி இதுவாகட்டும்: இப்பொழுது என்ன வாசிக்கிறீர்கள்?